பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில் கோபத்தை அளப்பது

ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் வீடு ஒன்றில், ஒரு பெண் என் முன்னால் டீயை வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி, "அண்ணி, சக்கர டப்பா எங்க?" என்று கேட்டார். "அரிசி டிரம்முக்குப் பின்னால பாருங்க அண்ணி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

நான் டம்ளரை எடுத்தேன், குடிக்கவில்லை. இவருக்கு அவர் அண்ணி என்றால், இவருடைய அண்ணனை அவர் கட்டியிருக்கிறார். அவருக்கு இவரும் அண்ணி என்றால், அவருடைய அண்ணனை இவர் கட்டியிருக்கிறார்.

"பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்தாங்க" என்றார் டீ கொடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "ஒரே மண்டபம், ஒரே சமையல்காரர். சாம்பார் ரெண்டு கல்யாணத்துக்கும் ஒண்ணுதான்."

நான் அந்த வீட்டுக்குப் போனதே தவறுதலாக. நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இரட்டைப் பிள்ளைகளை. எதிர் பிளாக்கில் ஒருவர், "அந்த ஊட்ல ரெட்டப் பொண்ணுங்க இருக்குதே, அச்சு அசல் ஒண்ணு மாதிரி" என்று கையைக் காட்டினார். போய்ப் பார்த்தால் இரட்டையர் இல்லை, லீவுக்கு ஒன்றாக இருக்கும் அத்தை மகளும் மாமன் மகளும். ஒரே வயது. வேறு வேறு அம்மா, வேறு வேறு அப்பா. ஆனால் தாத்தா பாட்டி நான்கு பேரும் இருவருக்கும் அதே நான்கு பேர். ஒருத்திக்கு அப்பா வழி எதுவோ, அது மற்றவளுக்கு அம்மா வழி. ஒருத்தி வளர்வது ஆவடி குவார்ட்டர்ஸில், மற்றவள் பாரிவாக்கத்தில்.

நடத்தை மரபியலில் எல்லோரும் ஏங்குவது இந்த ஏற்பாட்டுக்குத்தான். பிறப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், வீடு வேறாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இதற்காகத் தத்துப்பிள்ளைகளைத் தேடுகிறார்கள். நம் ஊரில் சம்பந்திகள் இதை மண்டபம் பிடித்து நடத்தி வைத்திருக்கிறார்கள். நான் அன்றைக்கே எங்கள் பேராசிரியருக்குப் போன் செய்து, மூச்சு விடாமல் இதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "டீ குடிச்சியா?" என்றார். இல்லை என்றேன். "முதல்ல அதைக் குடி" என்று வைத்துவிட்டார். அடுத்த மாதமே எங்கள் ஆய்வில் இப்படி மாற்றிக் கட்டிய குடும்பங்களுக்கென்று இரண்டாம் பகுதி தொடங்கியது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகப் பணி அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். இதெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் களத்திலிருந்து மேசைக்கு மாற்றிவிட்டார்கள், எங்கள் தொழிலில் அதுதான் ஓய்வு. மரபணுச் சோதனைக்கு எச்சிலை எப்படிச் சேகரிப்பது, குழாயை எப்படி மூடுவது என்பதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும். நான் சொல்ல வருவது பயிற்சியில் வராதது. வேலப்பன்சாவடி கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு என்னைப் போலவே வேகமாகப் பேசும் பழக்கம் இருக்கிறது. நேர்முகத்திலேயே கவனித்தேன். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான்கே பேர்தான். ஆவடி வீட்டில் குணசேகரன், தொழிற்சாலையில் வேலை. குடும்பம் ஆரணிப் பக்கம், அப்பா காலத்திலேயே இங்கே வந்தவர்கள். அவர் மனைவி தேன்மொழி. பாரிவாக்கம் வீட்டில் தேன்மொழியின் அண்ணன் பழனிவேல், தண்ணீர் கேன் போடுகிறவர். அவர் மனைவி மாலதி, குணசேகரனின் தங்கை. எனக்கு டீ கொடுத்தவர். ஆவடிப் பிள்ளை யாழினி, பாரிவாக்கம் பிள்ளை ஓவியா. இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு.

அடுத்தது ஒரு வாக்கியம். வாசலில் நின்று எங்கள் ஆய்வை விளக்கும்போது நாங்கள் அனைவரும் சொன்ன வாக்கியம் இது: "கோபம், பொறுமை, பயம் இதெல்லாம் பாதி பிறப்போட வருது, பாதி வளர்ப்புல வருது." குழுவாக உட்கார்ந்து யோசித்து, யாருக்கும் புரியும்படி எளிமையாக்கிய வாக்கியம். எங்கள் துறை உண்மையில் சொல்வது வேறு. ஊரில் ஆளுக்கு ஆள் கோபம் வித்தியாசப்படுகிறதே, அந்த வித்தியாசத்தில் எவ்வளவுக்கு மரபணு காரணம் என்பதுதான் எங்கள் கணக்கு. ஊருக்கான கணக்கு அது. ஒரு தனி ஆளின் கோபத்தை எடுத்துத் தேங்காய் மாதிரி இரண்டாக உடைக்க முடியாது. இதை வாசலில் நின்று சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பாதி பாதி ஆக்கினோம். கதவுகள் திறந்தன. வாக்கியம் எங்களுக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாலதி போன் செய்தார்.

"மேடம், அடுத்த தடவ எங்களப் பாக்க பாரிவாக்கம் வராதீங்க. நான் ஆவடிக்குப் போறேன். எங்கண்ணன் ஊட்டுக்கு."

"எத்தனை நாளைக்குங்க?"

"தெரியல. தேனு அண்ணி எப்போ அங்க திரும்பிப் போறாங்களோ அப்பதான் நான் இங்க வர முடியும்."

"உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது சண்டையா?"

"எனக்கும் அவருக்குமா?" என்று ஆச்சரியப்பட்டார். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். காலையில கூட அவருதான் இட்லிக்கு ஊத்துனாரு."

பிறகு விளக்கினார். இப்படி மாற்றிக் கட்டிய குடும்பங்களில் ஒரு பெண் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டால், அங்கே வாழ வந்தவளும் கிளம்பிவிட வேண்டும். "அவங்க பொண்ணு அவங்ககிட்ட, எங்க பொண்ணு எங்ககிட்ட" என்பது கணக்கு. யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியதில்லை. ஒரு வீட்டுச் சண்டைக்கு இரண்டு வீடு பூட்டப்படும். மாலதியின் உறவிலேயே இப்படிப் போன ஒருத்தர் திரும்பவே இல்லையாம். சண்டை போட்ட ஜோடி சேர்ந்துவிட்டது, போட்டே இராத ஜோடி பிரிந்துவிட்டது. நடுவில் வார்த்தை தடித்துப்போயிற்றாம்.

"அண்ணி எதுக்கு வந்துட்டாங்க?"

"யாழினி ஸ்கூல்ல ஒரு பொண்ணு மேல டிபன் பாக்ஸ விட்டெறிஞ்சுட்டா. அந்தப் பொண்ணுக்குப் புருவத்துல தையல். அப்பாவக் கூப்ட்டு வுட்டாங்க. அண்ணன் ஸ்கூல்லேர்ந்து ஊட்டுக்கு வந்து, இந்தப் பொண்ணுக்கு இவ்ளோ கோவம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கத்தி, டிவி ரிமோட்டச் செவுத்துல அடிச்சு ஒடச்சிருக்காரு."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் அண்ணிகிட்ட சொல்லிருக்காரு. மேடம்தான் அன்னிக்கே சொன்னாங்கல்ல, பாதி பொறப்பு, பாதி வளர்ப்புன்னு. பொறப்பு உங்கண்ணன் வம்சம். வளர்ப்பு நீ. ஆக மொத்தம் முழுசும் உங்க ஊடுதான்னு." மாலதி மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்போ அண்ணன் என்னக் கூட்டிகினு போவ வந்துகினு இருக்காரு. பாதி பாதின்னு சொன்னது நீங்கதான மேடம்? வந்து மீதியும் சொல்லிட்டுப் போங்க."

வேலப்பன்சாவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். கையில் பதில் இருந்தது. நான்கு தாத்தா பாட்டியும் ஒன்றுதான் எனும்போது, உங்கள் வம்சம் எங்கள் வம்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வாசலில் லோடு ஆட்டோவும் காலி கேன்களும். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் குணசேகரன், எதிரே பாயில் பழனிவேல். கதவோரம் மாலதியின் கட்டைப்பை, புடவைகள் மடித்து வைத்தபடி. பக்கத்தில் மாலதி நின்றுகொண்டிருந்தார். தேன்மொழி சமையலறை வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் பின்பக்கம்.

"வாங்க மேடம்" என்றார் குணசேகரன். "கரெக்ட்டா வந்தீங்க. நீங்களே சொல்லிடுங்க. எழுதிக் குடுத்தா இன்னும் நல்லது."

"என்ன எழுதணும் சார்?"

"யாழினிக்கு இந்தக் கோவம் அவங்கம்மா வழியில வந்ததுன்னு."

"இன்னா மச்சான்" என்றார் பழனிவேல், "எங்க வம்சத்துல எவன் மச்சான் டிபன் பாக்ஸ வுட்டு அடிச்சான்?"

"நான் உங்கள ஒண்ணும் சொல்லல மச்சான். உங்க வம்சத்ததான் சொல்றேன்."

"அப்போ நான் இன்னா, வம்சத்துக்கு வெளியிலயா குந்திக்கினு கீறேன்?"

மாலதி டீ கொண்டுவந்தார். பையைக் கட்டிவிட்டு நிற்கிறவர், டீ போட மறக்கவில்லை. நான் டம்ளரோடு வெளியே வந்து, லோடு ஆட்டோவுக்குப் பின்னால் நின்று பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

"டீ குடுத்தாங்களா?" என்றார்.

"குடுத்தாங்க மேடம்."

"குடி. எல்லாரும் சொல்றதைக் கேளு. ஒரு குடும்பத்துக்கு அந்தக் குடும்பத்தையே விளக்காத. கிளம்பி வா."

"மாலதி பையோட நிக்கிறாங்க மேடம்."

"அது நம்ம ஆராய்ச்சி இல்ல."

"வாக்கியம் நம்மளோடது மேடம்."

அவர் "சரி" என்றார். இன்னும் சிறிது கழித்து "பாத்து" என்றார். வைத்துவிட்டார். முதல் சொல் அனுமதியா, இரண்டாவது சொல் தடையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நெருக்கடியில் மேலிடத்திலிருந்து உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பழகிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனேன். நான்கு தண்ணீர் கேன்களை இழுத்து வரிசையாக வைத்தேன்.

"இது குணசேகரன் சாரோட அப்பா, இது அம்மா. இது பழனிவேல் அண்ணனோட அப்பா, இது அம்மா."

"மேடம், அது காலி கேன்" என்றார் பழனிவேல். "எங்கப்பாவுக்கு ரொம்புன கேனா வைங்க."

மாற்றி வைத்தேன்.

"எங்கப்பாவுக்கு வெச்சது ஒழுவுது" என்றார் குணசேகரன்.

அதையும் மாற்றினேன். பிள்ளைகளுக்கு இரண்டு டம்ளர் வேண்டும் என்றேன். பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த ஓவியா எடுத்து வந்தாள். யாழினி அதில் பெரியதைத் தனக்கென்று சொல்லி வைத்தாள். அவள் அப்பா அதைக் கவனித்து, கவனித்ததை என்னிடம் கண்ணால் காட்டினார்.

"இந்த நாலு பேர்கிட்டேர்ந்தும் யாழினிக்கு வருது. அதே நாலு பேர்கிட்டேர்ந்துதான் ஓவியாவுக்கும் வருது. அக்கா தங்கச்சி அளவுக்கு இல்ல, ஆனா சாதாரண அத்தை பொண்ணு மாமன் பொண்ண விட டபுள் நெருக்கம். இதுல எந்தக் கேனையும் எடுத்து இது உங்க பக்கம், இது எங்க பக்கம்னு வைக்கவே முடியாது சார். ரெண்டு பக்கமும் ரெண்டு ஊட்லயும் இருக்கு."

குணசேகரன் கேன்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு இருந்த திருப்தியை உங்களிடம் விவரிக்க மாட்டேன், ஏனென்றால் அது நீடிக்கவில்லை.

பழனிவேல்தான் முதலில் பேசினார். "அப்டின்னா மேடம், எங்க ஓவியாவுக்கும் அதே சரக்குதான் வந்து கீது."

"ஆமா."

"ஆனா அது கம்முனு கீது."

"ஆமா..."

"அப்போ பொறப்புல ஒண்ணும் இல்ல. மொத்தமும் வளர்ப்புதான்." அவர் தங்கை பக்கம் திரும்பினார். "தேனு, மேடம் சொல்றது கரெக்ட்டுதாம்மா. நீதான் பொண்ண செரியா வளக்கல."

"அதத்தான நானும் சொன்னேன் மச்சான்" என்றார் குணசேகரன். இரண்டு மச்சான்களும் அன்றைக்கு முதன்முறையாக ஒத்துப்போனார்கள்.

தேன்மொழியின் கத்தி நின்றது. அவர் அண்ணனைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். நான் போனது ஒரு பெண்ணின் வீட்டைக் காப்பாற்ற. ஐந்து நிமிடத்தில் செய்தது, இரண்டு வம்சங்கள் பகிர்ந்துகொண்டிருந்த பழியைக் கழுவி, துடைத்து, முழுவதையும் ஒரே ஒரு தாயின் மடியில் வைத்தது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் துறையின் வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும், இது புதிதும் இல்லை. ரத்தம் இல்லையென்றால் அம்மா. அறிவாளிகள் பல வருடம் எடுத்துக்கொண்டு செய்த தப்பை ஒரு தண்ணீர் கேன்காரர் வீட்டுக் கூடத்தில் டீ ஆறுவதற்குள் செய்து முடித்திருந்தேன்.

அப்போது இரண்டு வழி இருந்தது. ஒன்று, இன்னும் விளக்குவது. நான்கு கேனும் ஒன்று என்றாலும் டம்ளரில் எதிலிருந்து எவ்வளவு விழும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே பழனிவேல் அண்ணன் போட்ட முடிச்சு தப்பு என்று சொல்வது. சொல்லியிருந்தால் பழி மறுபடி கேன்களுக்குப் போயிருக்கும், மாலதி வண்டியில் ஏறியிருப்பார். விளக்க விளக்க அது யார் தலையிலாவது இறங்கத்தான் செய்யும், ஏனென்றால் அந்த வீட்டில் அறிவு தேவைப்பட்டதே அதற்குத்தான்.

இரண்டாவது வழியில் போனேன். "சார், எனக்குத் தெரியாது" என்றேன்.

"எது தெரியாது?"

"யாழினிக்கு ஏன் கோவம் வருதுன்னு. நாலு பேர்கிட்டேர்ந்து அவளுக்கு எது வந்துச்சு, ஓவியாவுக்கு எது வந்துச்சுன்னு தெரியாது. ஒரே ஊட்ல வளர்ற ரெண்டு பேரே வேற வேற மாதிரி வர்றாங்க. அது ஏன்னும் பெரும்பாலும் தெரியாது. அன்னிக்கு கிளாஸ்ல என்ன நடந்துச்சுன்னும் தெரியாது. எனக்கு மட்டும் இல்ல, எங்க மேடத்துக்கும் தெரியாது. ஒரு ஆளோட கோவம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்ற ஆள் இன்னும் யாரும் இல்ல."

குணசேகரன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாததுக்கா மேடம் இத்தன தடவ எங்க ஊட்டுக்கு வந்து டீ குடிச்சீங்க?"

"ஆமா சார். தெரிஞ்சுக்கத்தான்."

"கிளாஸ்ல இன்னா நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றார் தேன்மொழி, பீன்ஸைப் பார்த்தபடியே. "அந்தப் பொண்ணு தெனமும் இவ சோத்துல சாக்பீஸ் தூளக் கொட்டியிருக்கா. மிஸ்ஸுகிட்ட சொன்னதுக்கு வேற எடத்துல உக்காந்து சாப்புடுன்னாங்களாம். இவ போயி உக்காந்த எடத்துக்கும் அவ வந்து கொட்டியிருக்கா."

"இத ஏன் நீ சொல்லவே இல்ல?" என்றார் குணசேகரன்.

"நீங்க வம்சம் வம்சமா போய்க்கினு இருந்தீங்க. நடுவுல எங்க சொல்றது?"

அதுதான் காரணமா என்று கேட்பீர்கள். அதுவும் தெரியாது. சோற்றில் சாக்பீஸ் தூள் விழுந்தால் அழுகிற பிள்ளைகள் உண்டு, பட்டினி கிடக்கிற பிள்ளைகள் உண்டு, டப்பாவை வீசுகிற பிள்ளைகளும் உண்டு. ஏன் மூன்று விதம் என்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

குணசேகரன் எழுந்தார். கோபம் குறைந்திருந்தது, ஆனால் வந்த வேலை வந்த வேலைதான். "செரி, மாலு, பையை எடு. வண்டில ஏறு."

"நான் எதுக்குண்ணா வரணும்?"

"உங்க அண்ணி இங்க இருக்கால்ல?"

"அண்ணி இங்க இருக்கறதுக்கு நீ காரணம். நான் அங்க வந்து இருக்கறதுக்கு யாரு காரணம்? என் ஊட்டுக்காரரு என்ன ஒரு வார்த்த சொன்னதில்ல. ரிமோட்டக் கூட ஒடச்சதில்ல."

"அதுதான் மாலு முறை."

"காரணம் யாருக்கும் தெரியாதாம். படிச்ச மேடமே சொல்றாங்க. தெரியாத ஒண்ணுக்கு நான் எதுக்குண்ணா ஊட்ட வுட்டு வரணும்? தெரிஞ்சப்புறம் சொல்லு, வரேன்."

அவர் கட்டைப்பையைத் தூக்கினார். ஒரு நொடி எந்தப் பக்கம் போகப்போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

குணசேகரன் பழனிவேலைப் பார்த்தார். இதுதான் உண்மையான இக்கட்டு, அது அப்போது பழனிவேல் மடியில் இருந்தது. தன் தங்கை வாழாமல் வந்து உட்கார்ந்திருக்க, அவர்கள் வீட்டுப் பெண்ணைத் தான் வைத்துக்கொண்டால் ஊரில் என்ன பேசுவார்கள்? அனுப்பினால்தான் தங்கைக்கு மரியாதை என்று சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். அவர் தலையைச் சொறிந்தார். தங்கையைப் பார்த்தார். தேன்மொழி லேசாகத் தோளைக் குலுக்கினார். தனக்கு அதில் ஒன்றும் குறை இல்லை என்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

"இல்ல மச்சான்" என்றார் பழனிவேல் கடைசியில், "ஞாயித்துக்கெழமதான் தண்ணிக்குப் போன் மேல போன் வரும். மாலதி இல்லன்னா யாரு எடுப்பா?"

காதலை இதைவிட வெளிப்படையாகச் சொன்னவர்களை நான் களத்தில் கண்டதில்லை.

குணசேகரன் தனியாகக் கிளம்பிப் போனார். மாலதி போகவில்லை, தேன்மொழியும் போகவில்லை. அந்த இரண்டு குடும்பங்களிலும் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது அதுதான் முதல்முறை. வானம் இடிந்து விழவில்லை. மாமியார்கள் போனில் பேசிக்கொண்டார்களாம், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு குணசேகரன் பாரிவாக்கத்துக்குத் தண்ணீர் கேன் வாங்க வந்தார். ஆவடியில் தண்ணீர் கேன் கிடைக்காமல் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். ஸ்கூட்டரின் முன்பக்கம் கேனை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட்டினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் ஒருநாள் தனியாக யாழினியின் பள்ளிக்குப் போய், அந்த மிஸ்ஸிடம் அமைதியாகப் பேசிவிட்டு வந்ததாகவும் கேள்வி. பிறகு ஒரு ஞாயிறு, கேன் வாங்காமல் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்டாரா என்று தேன்மொழியிடம் விசாரித்தேன். "அதெல்லாம் அவருக்கு வராது மேடம். இனிமே வம்சத்தப் பத்திப் பேசுனா நானே திரும்ப எங்கண்ணன் ஊட்டுக்குப் போய்டுவேன், ஆனா மாலதி அண்ணி இங்க வர மாட்டாங்கன்னு சொன்னேன். அதக் கேட்டு ரொம்ப நேரம் யோசிச்சாரு."

யோசித்திருப்பார். பதிலுக்குத் தங்கையைக் கூட்டிவர முடியாத சண்டையை அவர் அதுவரை போட்டதில்லை.

ஆய்வகத்தில் பேராசிரியர் என் அறிக்கையைப் படித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "நீ தொட்டுட்ட. தொட்டதை இனிமே அளக்க முடியாது" என்று இரண்டு வீட்டின் தரவையும் ஆய்விலிருந்து எடுத்துவிட்டார். எந்த வீட்டிலிருந்து எங்களுக்கு யோசனையே வந்ததோ, அந்த வீடு ஆய்வில் இல்லை. அவர் செய்தது சரி. நான் செய்ததும் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இரண்டும் சரியாக இருக்கும்போது தரவு போகும், பரவாயில்லை. பாதி பாதி என்ற வாக்கியத்தை அன்றே விலக்கினோம். அதற்குப் பதிலாக வாசலில் நீங்கள் சொல்ல வேண்டியது நீளமானது, சில கதவுகள் சாத்தப்படும். சாத்தட்டும்.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை ஒன்றை மாலதிதான் காட்டினார். தரவை எடுத்துவிட்டோம் என்று முறைப்படி சொல்லப் போயிருந்தேன். கேட்டுக்கொண்டு, "அது கெடக்கட்டும் மேடம்" என்றார். "இத்தன நாளா பொண்ணுங்களப் பத்தி யாரு யாரக் கேட்டீங்க? என்னக் கேட்டீங்க, அண்ணியக் கேட்டீங்க. அம்மாவுக்கு எப்டி, அத்தைக்கு எப்டி. எங்கண்ணனுக்குக் கோவம் எப்டின்னு எங்கண்ணன்கிட்ட எப்பனா கேட்டீங்களா?"

கேட்டதில்லை. ஒரு அப்பாவிடம்கூட. எங்கள் களநேரம் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை. அப்பாக்கள் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள். கோபம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறதா என்று ஆராயும் குழு, பெற்றோரில் ஒருவரை ஆபீஸ் நேரம் காரணமாக விட்டுவிட்டு, மீதியைக் கணினியில் போட்டு நுணுக்கமாக அலசிக்கொண்டிருந்தது. பேராசிரியரிடம் சொன்னேன். அவர் களநேர அட்டவணையை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை யார் யாரால வர முடியும்னு கேளு" என்றார்.

அதனால்தான் உங்களை எடுத்திருக்கிறோம்.

அப்பாக்களுக்கான கேள்விகள் தயார். சரியாக இருக்கிறதா என்று தெரியாது. ஆய்வில் சேராத ஒருவரிடம் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். குணசேகரன் சம்மதித்திருக்கிறார். எப்படி என்று கேட்டதற்கு, "நான் போன் பண்ணேன், அவ்ளோதான்" என்றார் மாலதி.

வரும் ஞாயிறு காலை, இரண்டு பேராகப் போங்கள். உட்காரச் சொல்வார், உட்காருங்கள். எதையும் விளக்காதீர்கள். முதல் கேள்வி, கடைசியாக எப்போது கோபப்பட்டீர்கள் என்பது. கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் இருங்கள். சமையலறையிலிருந்து தேன்மொழி பதில் சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டாம். குணசேகரன் தானாக வாயைத் திறக்கும் வரை காத்திருங்கள்.